கல்யாணப் பூ அலங்காரத்துக்கு எவ்வளவு கேட்டால் நியாயம்? தங்கை திருமணத்தில் நான் பட்ட பாடு

என் தங்கையின் திருமணம் தை மாதத்தில், கோலாலம்பூர் செந்தூலில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அப்பா இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. பெண் வீட்டு வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது. மண்டபம், சமையல், நாதஸ்வரம், அழைப்பிதழ் என்று எதைக் கேட்டாலும் உறவில் யாராவது ஒருவர் விலை சொன்னார்கள். பூ அலங்காரத்துக்கு மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பட்டுச்சேலை விலையைக் காசு சுத்தமாகச் சொல்லும் சித்திகூட, மணவறைக்கு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டால், "ஏதோ கொடுத்தோம், நினைவில்லை" என்றார். மறுநாளே வாடிப்போகும் பொருளுக்கு இவ்வளவு கொடுத்தோம் என்று சொல்லக் கூச்சம் ஒருபக்கம், அதிகம் கொடுத்துவிட்டோமோ என்ற உறுத்தல் மறுபக்கம். இந்த மௌனத்தால் அடுத்து வருகிறவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது. அதனால் எனக்கு ஆன செலவை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் சிலரிடம் விலை கேட்டேன். குறைந்தது 4,500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), அதிகபட்சம் 9,800 வெள்ளி. மணவறை, வரவேற்பு மேடை, வாசல் என்று எல்லாரிடமும் ஒரே மாதிரிதான் கேட்டிருந்தேன். பிறகு ஏன் இரண்டு மடங்கு வித்தியாசம் என்று எனக்கு விளங்கவில்லை. துருவிக் கேட்டபோதுதான் 4,500 சொன்னவர் மணவறை முழுவதையும் துணிப்பூவால் கட்டுகிறவர் என்பதும், மாலை அந்தத் தொகையில் சேராது என்பதும் தெரிந்தன. அவர் ஏமாற்றவில்லை; துணிப்பூவைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், அதனால் அவருக்குக் கட்டுப்படியாகிறது. ஆனால் அவருடைய தொகையையும் பச்சைப் பூ, அதாவது நிஜப் பூ, வைக்கிறவரின் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. விலை கேட்கும்போதே எத்தனை பங்கு பச்சைப் பூ, எத்தனை பங்கு துணிப்பூ, மாலை உண்டா இல்லையா என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். பாதி குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

9,800 சொன்னவரின் விலைப்பட்டியல் வாட்ஸ்அப்பில் ஒரே வரியாக வந்தது: "முழு அலங்காரம், பச்சைப் பூ, 9,800." அவர் அனுப்பிய படங்கள் கண்ணைப் பறித்தன. மண்டபத்துக்காரரும் அவர் பெயரைத்தான் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய முகூர்த்த நாள், வேறு இரண்டு குடும்பங்களும் கேட்கிறார்கள், இன்று முன்பணம் கட்டினால்தான் தேதி உங்களுக்கு என்றார். தை மாதத்து ஞாயிறு கைவிட்டுப் போனால் வேறு ஆள் கிடைப்பது கடினம். 3,000 வெள்ளியை வங்கி வழியாக அனுப்பினேன்.

பொங்கல் நெருங்கியபோது செய்திகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. லாரிக்கு 450. மேடையின் பின்புறத்தில் காட்டிய ரோஜா வேண்டுமென்றால் 1,800, இல்லாவிட்டால் துணிப்பூ. கடைசியாக, மல்லிகை விலை ஏறிவிட்டது, அதற்கு 600. அந்த வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. திருமணத்துக்கென்று ஒதுக்கிய பணம் எங்கே எவ்வளவு இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவிடம் சொன்னால் நகையை எடுத்து நீட்டுவார். அந்தப் பூக்காரருக்குத் தொலைபேசியில் பேசி, எந்தெந்த வேலைக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிக் கொடுங்கள் என்று பணிவாகத்தான் கேட்டேன். "நம்பிக்கை இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா, முன்பணம் திரும்பாது" என்று வைத்துவிட்டார். அலுவலகத்துக் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுதேன். கோபத்தைவிட அவமானம்தான் அதிகம் இருந்தது, ஆண் துணை இல்லாத வீடு என்பதால்தான் இப்படிப் பேசுகிறாரோ என்று.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். விலை ஏறுவது பொய்யில்லை. நம் ஊரில் சரம் சரமாக விற்கிற மல்லிகையில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வருகிறது. மார்கழியிலும் தையிலும் அங்கே குளிரும் பனியும்; செடியில் மொட்டு குறைந்துவிடும். பொங்கலும் முகூர்த்தமும் ஒன்றாகச் சேர, மதுரைச் சந்தையிலேயே மல்லிகை விலை பல மடங்காகும். போதாததற்கு இங்கே தைப்பூசம் வேறு. சீனப் புத்தாண்டும் பிப்ரவரி 14-ஆம் தேதிக் காதலர் தினமும் நெருங்கும்போது ரோஜாவும் ஏறிவிடும். ஆனால் ஏறுவது எவ்வளவு, நம் அலங்காரத்தில் அந்தப் பூ எத்தனை என்று பார்க்க வேண்டும். எங்களுக்குத் தேவைப்பட்ட மல்லிகை, ஜடை, மாலை, தாம்பூலத்தட்டு எல்லாம் சேர்த்தே நாற்பது முழம்தான். சாதாரண நாளில் முழம் ஐந்து வெள்ளி, அந்த வாரம் எட்டு. மொத்த மல்லிகையும் 320 வெள்ளி, கூடுதல் 120. அதற்கு 600 எப்படி வரும்? "விலை ஏறிவிட்டது" என்று யார் சொன்னாலும், எத்தனை முழம், எத்தனை கட்டு என்ற கேள்வியை விடாதீர்கள்.

தங்கையின் தோழியுடைய அம்மா சொல்லித்தான் இரண்டாவது பூக்காரரிடம் போனேன். கோயில் பக்கம் சின்னக் கடை வைத்திருக்கும் அக்கா. நான் பணத்தைப் பற்றிப் பேச்செடுப்பதற்கு முன்பே அவர் கேள்வி கேட்கத் தொடங்கினார். மண்டபத்தை எத்தனை மணிக்குத் திறந்துவிடுவார்கள்? முதல்நாள் இரவு அங்கே வேறு விருந்து இருக்கிறதா? முகூர்த்தம் எத்தனை மணி? குளிர்சாதனம் முழு நேரமும் ஓடுமா? மேடைக்குக் கூரை எவ்வளவு உயரம்? பெண்ணின் உயரம் என்ன, மாலை முழங்கால் வரை வேண்டுமா, இடுப்போடு நிற்கட்டுமா? இவற்றுக்குப் பதில் தெரியாமல் ஒரு தொகையைச் சொல்ல முடியாது என்றார். முதலாமவர் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மண்டபத்தைப் பற்றிக் கேட்காமல் விலை சொல்கிறவர் உங்கள் வேலையைக் கணக்குப் போடவில்லை, உங்கள் கைப்பையைக் கணக்குப் போடுகிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

அக்கா கொடுத்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. மணவறை 3,200. வரவேற்பு மேடை 1,800. முகூர்த்த மாலை ஒரு ஜோடி 650. நலங்கு மாலை ஒரு ஜோடி 280. மணப்பெண்ணுக்குப் பூ ஜடையும் வேணியும் 220. வாசலும் நடைபாதையும் 900. சரம், உதிரிப்பூ, தாம்பூலத்தட்டுக்கு 450. கார் 250. லாரி, இரவு வேலை, கழற்றி எடுப்பது எல்லாம் சேர்த்து 600. மொத்தம் 8,350 வெள்ளி. மல்லிகை முழம் பத்து வெள்ளியைத் தாண்டினால் மட்டும் கூடுதலை நான் ஏற்க வேண்டும், அதுவும் 150 வெள்ளிக்கு மேல் போகாது என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏற்கெனவே 3,000 போன நிலையில் இது பெரிய தொகை. ஆனால் எங்கே கை வைத்தால் குறையும் என்று அந்தத் தாளைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. கார் அலங்காரத்தைக் குறைக்கலாம், நலங்கு மாலையில் ரோஜாவுக்குப் பதில் சாமந்தி போடலாம் என்று பேச முடிந்தது. ஒற்றை வரித் தொகையில் இப்படிப் பேச இடமே இல்லை.

அப்படியும் மனம் ஆறாமல், பெட்டாலிங் ஸ்திரீட் வட்டாரத்து மொத்தப் பூக்கடைகளுக்குப் போய்ப் பார்த்தேன். சந்தேகம் உள்ள எல்லாரையும் அங்கே ஒருமுறை போகச் சொல்வேன். காலையிலேயே போய்விட வேண்டும். கேமரன் மலை ரோஜா இருபது தண்டுக் கட்டு அன்று 25 வெள்ளி. கென்யாவிலிருந்து வருகிற பெரிய தலை ரோஜா அதைப்போல இரண்டு மடங்கு. கேமரன் சாமந்தி மலிவு. இரண்டு நாள் நின்றாலும் முகம் வாடாது. ஆர்க்கிட் நம் வெப்பத்தைத் தாங்கும். ஹைட்ரேஞ்சியா பார்க்க மேகம்போலப் பொங்கி நிற்கும், தண்ணீர் விட்டுப்போனால் ஒரு மணி நேரத்தில் தலை சாய்த்துவிடும். குளிர்சாதனம் இல்லாத மண்டபத்தில் அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். அக்காவின் தாளில் இருந்த பூவையெல்லாம் அந்த விலைக்குக் கணக்கிட்டபோது ஏறக்குறைய 2,700 வெள்ளி வந்தது. 2,700 வெள்ளிப் பூவுக்கு 8,350 வெள்ளியா என்று வயிறு எரிந்தது. நேராக அக்காவிடமே போய்க் கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "திருமணத்துக்கு முதல்நாள் இரவு வந்து பாருங்கள் தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். போனேன். கடைக்குப் பின்னால் ஒரு நீண்ட மேசை. மூன்று பெண்கள் முகூர்த்த மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ரோஜாவைத் தண்டிலிருந்து கிள்ளி, பழுத்த வெளி இதழ் இரண்டை மட்டும் உரித்து, ஈரத் துணியின் மேல் அளவு வாரியாக அடுக்குகிறார். பெரியவை மார்புக்கு, சிறியவை தோளுக்கு. அடுத்தவர் காம்பில் ஊசி ஏற்றி வரிசையாகக் கோக்கிறார். ஒரு பூ கோணலாக நின்றாலும் முழு வரிசையையும் உருவிவிட்டுத் திரும்பத் தொடங்குகிறார். ஒரு ஜோடிக்கு இருநூறு ரோஜாவுக்கு மேல் போகிறது. மல்லிகை, ஐஸ் வைத்த வெள்ளைப் பெட்டிக்குள் செய்தித்தாளில் சுற்றி இருக்கிறது. இரவு பத்து மணிக்கு முன் கை வைத்தால் மொட்டு வெடித்துவிடும், காலையில் பெண்ணின் தலையில் பழுப்பேறித் தெரியும் என்று அதைத் தொட விடவில்லை. அந்தப் பெண்களில் மூத்தவருக்கு என் அம்மா வயது. விரல் நுனியெல்லாம் ரோஜா முள் கீறல்.

மண்டபத்தில் அன்று இரவு வேறு ஒரு விருந்து. பதினொன்றரை மணிக்குத்தான் உள்ளே விட்டார்கள். ஆறு ஆட்கள் இரும்புச் சட்டங்களை இறக்கி, பூட்டி, துணி சுற்றி, பிறகுதான் பூவுக்கே வந்தார்கள். ஏழரை மணி முகூர்த்தத்துக்கு ஐந்து மணிக்குள் முடிந்தாக வேண்டும், ஐயர் வந்து மணையைப் போடுவார். நான் பாதியில் வீட்டுக்குப் போய்விட்டேன், அவர்கள் போகவில்லை. முன்பு தோட்டக் குடியிருப்புகளில் பந்தல் போட மாமன்மாரும் பங்காளிகளும் இருந்தார்கள். வாழைமரம் வெட்டுவது, குருத்தோலைத் தோரணம் கிழிப்பது எல்லாம் சொந்தக்காரர் வேலை. இன்று அந்தக் கைகளுக்குப் பதிலாகத்தான் இந்த ஆறு பேர் வருகிறார்கள்; அவர்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும்.

அக்கா பிறகு தன் கணக்கையும் மறைக்காமல் சொன்னார். பூவுக்கு 2,700. இரவு ஆட்கள் ஆறு பேருக்குத் தலைக்கு 200 வீதம் 1,200. மாலை கட்டுகிறவர்களுக்கு 500. மதியம் கழற்ற வருகிற நால்வருக்கு 400. லாரி போக வர 500. சட்டம், துணி, விளக்கு ஆகியவற்றின் தேய்மானம், சலவை, கிடங்கு வாடகை என்று 900. மிஞ்சுவது 2,150. கடை வாடகையும், வாடிப்போய்த் தூக்கி எறிகிற பூவும், நான் வாரக்கணக்கில் நேரம் காலம் பார்க்காமல் அனுப்பிய குரல் செய்திகளும் இதற்குள் அடக்கம். இதை நான் கொள்ளை என்று சொல்ல மாட்டேன். பச்சைப் பூ அலங்காரத்தில் பூவின் கொள்முதல் விலை மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் இருந்தால் அது சரியான விலை என்பதே இப்போது என் அளவுகோல். ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போனால் கேள்வி கேளுங்கள். பாதிக்கு மேல் போனால் அதற்கும் கேளுங்கள். யாருடைய கூலியோ அங்கே பிடிக்கப்படுகிறது, அல்லது பிறகு உங்களிடம் வரப்போகிறது.

பேரம் பேசுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம்மவர்கள் முதலில் கை வைப்பது மாலையில்தான்: "என்ன அக்கா, ஒரு மாலைக்கா முந்நூறு?" என்று. அந்தக் கீறல் விழுந்த விரல்களைப் பார்த்தபிறகு என்னால் அப்படிக் கேட்க முடியாது, நீங்களும் கேட்காதீர்கள். இரவு வேலைக் கூலியிலும் கேட்காதீர்கள். குறைக்க வேறு இடம் நிறைய இருக்கிறது. திருமணமும் வரவேற்பும் ஒரே மண்டபத்தில் என்றால் மணவறைத் தூண்களையே சாயங்கால வரவேற்பு மேடைக்கு மாற்றிக்கொள்ளலாம். நான்கு ஆட்களும் இரண்டு மணி நேரமும் போதும், எனக்கு இதைச் செய்திருந்தால் ஆயிரம் வெள்ளி மிச்சமாகியிருக்கும் என்று அக்காவே சொன்னார். எங்கள் வரவேற்பு மதிய விருந்தோடு சேர்ந்துவிட்டதால் முடியவில்லை. யார் கண்ணும் எட்டாத உயரத்தில் துணிப்பூவும், கைக்கும் கேமராவுக்கும் அருகில் பச்சைப் பூவும் வைக்கலாம். நடைபாதைத் தூண்களில் சில குறைந்தால் யாருக்கும் தெரியாது. தேதி இன்னும் குறிக்கவில்லை என்றால் தைப்பூசம், சீனப் புத்தாண்டு வாரங்களை விட்டு விலகி நாள் பார்க்கச் சொல்லுங்கள்.

மீதிப் பணத்தை எப்போது கொடுப்பது என்பதையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான் அக்காவுக்கு முன்பணம் 2,500 கொடுத்தேன், முதல்நாள் பூ வந்து இறங்கியதும் 5,000, கழற்றி முடித்தபிறகு மீதி 850. அந்தக் கடைசித் தொகை கையில் இருப்பது முக்கியம். மண்டபத்துக்காரர்கள் சுவரில் ஆணி, பசை நாடா, தரையில் மெழுகு இருந்தால் வைப்புத்தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். அலங்காரம் செய்தவர் குப்பையை அப்படியே விட்டுப் போனால் அபராதம் நம் தலையில்தான் விழும். அக்காவின் ஆட்கள் பெருக்கிவிட்டே போனார்கள். எங்கள் 500 வெள்ளி வைப்புத்தொகை முழுசாகத் திரும்பியது.

இனி முதலாமவரிடம் போன அந்த 3,000. திருமணம் முடிந்து விருந்தினரெல்லாம் போனபிறகு, பயனீட்டாளர் (நுகர்வோர்) நடுவர் மன்றத்தில் மனுப் போட்டேன். பலருக்கு இது தெரிவதில்லை. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்குவது இது. கட்டணம் ஐந்து வெள்ளிதான். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை விசாரிப்பார்கள், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், இரு பக்கமும் வக்கீல் இல்லாமல் தாங்களே பேச வேண்டும். வங்கிப் பணப்பரிமாற்றச் சீட்டு, வாட்ஸ்அப் செய்திகள், அந்த ஒற்றை வரி விலை, பிறகு வந்த கூடுதல் தொகைகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அச்செடுத்துக் கொண்டுபோனேன். எனக்குக் கை நடுங்கியது, மலாயில் சரளமாகப் பேச முடியுமா என்ற பயம் வேறு. அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். முதலில் நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள்.

எங்கள் தேதிக்காக அந்த முதல் பூக்காரர் வேறு யாரையாவது திருப்பி அனுப்பியிருந்தால் அதற்கு ஒரு தொகை அவருக்குச் சேர வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. பேசி, 2,000 திருப்பித் தர ஒப்புக்கொண்டார். அதை அங்கேயே எழுதிப் பதிவு செய்தார்கள். முதல் ஆயிரம் அடுத்த வாரமும், மீதி ஆயிரம் அதற்கடுத்த மாதமும் வந்து சேர்ந்தன. ஆக, பூவுக்கு என் மொத்தச் செலவு 9,350 வெள்ளி, மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி, சம்பளமில்லாமல் எடுத்த விடுப்பு தனி. ஆவணியில் திருமணம் வைத்திருக்கும் பெரியம்மா மகள் விலை கேட்டபோது, அக்காவின் தாளைப் படம் எடுத்து அப்படியே அனுப்பி வைத்தேன்.